மச்சான் மோதிரம்

நம் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஒரு அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் எதிர் வீடு. 2010-ல் இங்கே டிப்ளமோ, பிறகு நேராக பி.இ. இரண்டாமாண்டு, சென்னையில் வேலை, 2016-ல் எச்-1பி விசாவில் பயணம். என்னை இங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்கள் வீட்டில் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

2024 ஜனவரி கடைசியில் அண்ணனுக்கு வேலை போயிற்று. மாசியில் அவர் தங்கைக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

"வேலைதானே போச்சு, லீவு கேக்க வேண்டியதில்ல. முன்னாடியே வரட்டும்" என்றார் பெரியம்மா (அண்ணனின் அம்மா). நானும் அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி போனில் அண்ணன் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த விசா கம்பெனியோடு சேர்ந்தது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறொரு கம்பெனி அவருக்காக மனு போட வேண்டும். போட்டுவிட்டால் வேலையில் சேரலாம். நடுவில் ஊருக்கு வந்தால் அந்த 60 நாள் அத்தோடு சரி. பாஸ்போர்ட்டில் இருந்த விசாவும் காலாவதி.

"கிரீன் கார்டு வாங்கிட்டா இந்தத் தொல்லை இல்லியாமே?" என்று கேட்டார் அப்பா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேலை மூலமாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டு. பொதுவாக ஒரு நாட்டுக்காரருக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. நம் ஆட்களோ ஏராளம். அண்ணன் பிரிவில் 2024 முழுக்க, 2012-ல் இடம் பிடித்த இந்தியர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் தேதி 2019.

"ரேஷன் கடையில கல்லு வெச்சிட்டு வர்ற மாதிரியா?"

அதேதான்! மூன்று வருடம் படிக்கிற எனக்கு இந்த உதாரணம் தோன்றவில்லை பாருங்கள். பழைய கம்பெனி போட்ட ஐ-140 என்கிற மனு பாஸாகியிருந்தால், கம்பெனி மாறினாலும் கல் அங்கேயே இருக்கும். பாஸாகும் முன் போனால் கல்லும் போச்சு. அண்ணனுக்கு 2020-லேயே பாஸாகிவிட்டதால்தான் ஆறு வருடம் தாண்டியும் விசா நீட்டித்தார்கள். ஆனால் புதுக் கம்பெனி மற்றதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். விளம்பரம் கொடுத்து, இந்த வேலைக்கு அமெரிக்க ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, லேபர் சான்றிதழ் வாங்கி, மறுபடி ஐ-140.

அப்பா பீடியை அணைத்தார். "நான் சாயங்காலம் கூலி வாங்கிட்டு மறுநாள் வேற மேஸ்திரிகிட்ட போயிடுவேன். முன்பணம் வாங்கியிருந்தாத்தான் போக முடியாது. இந்தப் பையன் என்னடா முன்பணம் வாங்கினான்?"

எனக்குப் பதில் வரவில்லை.

கல்யாணம் முப்பத்தோராம் நாள் வந்தது. மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போட வேண்டும். "நீதான்டா தம்பி, போடு" என்று என்னை மணமேடைக்குத் தள்ளினார்கள். மோதிரம் விரல் கணுவில் சிக்கிக்கொண்டது. என் கையெல்லாம் வியர்வை. பக்கத்தில் யாரோ பிடித்திருந்த செல்போனில் அண்ணன். அங்கே முந்தின நாள் ராத்திரி. "திருப்பிப் போடுடா, ஏறும்" என்றார். ஏறியது. பெரியம்மா போனைப் பார்க்கவே இல்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள் ஒரு கம்பெனி மனு போட்டது. சம்பளம் குறைவு. அண்ணன் பேரமே பேசவில்லையாம்.

இப்போது அக்காவுக்குப் பெண் குழந்தை. வருகிற மாதம் காது குத்து. அண்ணன் வரலாம், தடையில்லை. ஆனால் திரும்பிப் போக இங்கே தூதரகத்தில் விசா முத்திரை வாங்க வேண்டும். அதற்கு நாள் கிடைத்து, கையில் வந்து சேருவதற்குள் புது வேலைக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறார்.

நேற்று பெரியம்மா வந்து, "தாய்மாமன் மடியிலதான் உக்கார வெக்கணும். நீ அன்னிக்கு லீவு போடுவியாடா?" என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். அன்றுதான் எங்கள் வகுப்புக்கு கேம்பஸ் இன்டர்வியூ. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.