தலைமேல் ஏற்கும் வினைச்சொல்

கோபே நகரின் சன்னோமியா நிலையத்தில் இறங்கி, வடக்கே மலைச்சரிவை நோக்கி நடப்போர் கண்ணில் ஒரு பள்ளிவாசல் படும். இந்திய, தார்த்தாரிய, அரபு வணிகர்களின் பொருளுதவியால் 1935-இல் எழுந்த, ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அது. 1945-இன் குண்டுவீச்சையும் 1995-இன் நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது. அதனைச் சுற்றி ஹலால் கடைகளும் உணவகங்களும் உண்டு.

ஆனால், ஜப்பானியர் இல்லத்தில் விருந்துண்ண அழைக்கப்பட்டால் அங்கே ஒரு சொல் நம்மை எதிர்கொள்ளும். உண்ணுமுன் கைகுவித்து, சற்றே தலைதாழ்த்தி, "இத்ததக்கிமஸ்" என்பர். பள்ளிச் சிறார் நண்பகல் உணவின்போது ஒரே குரலில் சொல்வர். "உண்ணப் போகிறேன்" என இதனைப் பெயர்ப்பது போதாது.

இதன் வேர் "இத்ததக்கு" எனும் வினை. தலைமேல் வைத்தல் என்பதே அதன் பழம்பொருள். மலையுச்சியைக் குறிக்கும் எழுத்தே இதற்கும் உரியது. மேலோர் தந்ததைத் தலைக்குமேல் உயர்த்தி ஏற்ற வழக்கத்திலிருந்து, பணிந்து பெறுதல், உண்ணுதல், பருகுதல் எனப் பொருள் விரிந்தது. "சிரமேற்கொண்டேன்" என எழுதிப் பழகிய நமக்கு இது விளங்காததன்று. சமமானவரிடம் பெறுவதற்கு "மொரவு" எனும் வேறு வினை உண்டு. ஈ, தா, கொடு என்பவற்றைக் கேட்போரின் நிலைக்கேற்ப வகுத்த தொல்காப்பியரின் மரபினர் இதற்கு வியக்க வேண்டியதில்லை! விடுமுறை நாளில் கடைக்கதவில் தொங்கும் அறிவிப்பிலும் இவ்வினையே வரும்: கடையடைக்கும் இசைவைப் பணிந்து பெறுகிறோம் என்பதாக. யாரிடம் பெற்றார்கள்? எவரும் கேட்பதில்லை.

உணவின் முன்னரும் கொடுப்பவர் பெயர் சொல்லில் இல்லை. உயிர் நீத்த மீனுக்கும் நெல்லுக்கும் நன்றி என்பார் சிலர். உழவருக்கும் சமைத்தவருக்கும் என்பார் சிலர். பழகிய நாகரிகம் மட்டுமே என்பாரும் பலர். இது வழிபாடோ எனத் தயங்கும் முஸ்லிம் பயணிக்கு என் கருத்து இது: பிஸ்மில்லாஹ் கூறி, அளித்தவன் யாரென்று உள்ளத்தில் தெளிந்தபின், விருந்தளித்தவருக்குரிய மரியாதையாக இச்சொல்லைச் சொல்வதில் தடையில்லை. கைகுவித்தலை விட்டுவிடலாம், தலையசைத்தாலே போதும்.

அதற்குமுன் கேட்டறிய வேண்டியது ஒன்றுண்டு. குழம்பிலும் மீனிலும் "மிரின்" எனும் இனிப்பு அரிசி மது சேர்ப்பது அங்கே வெகு இயல்பு. முன்னாளே சொல்லிவிட்டால் அதனைத் தவிர்த்துச் சமைக்க அவர்களுக்கு வாய்ப்பிருக்கும். இலைமுன் அமர்ந்தபின் மறுப்பது இருவருக்கும் சங்கடம்.

உண்டு முடித்ததும் சொல்லுவது "கொச்சிசோசமா". விருந்தினருக்காக அங்குமிங்கும் ஓடியலைந்த ஓட்டத்தைக் குறிக்கும் சொல் அது.