நம்ம ஊர் கல்லுக்கு யார் பேர்?

அறிவியல் சொல் என்றாலே கிரேக்கம், லத்தீன் என்று ஆரம்பித்துவிடுவோம். ஒரு சொல் கல்லறையிலிருந்து வந்திருக்கிறது, தெரியுமா? அதுவும் நம்ம சென்னைக் கல்லுக்கு!

அந்தச் சொல் சார்னாக்கைட். மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பரங்கிமலை. அங்கிருந்து பல்லாவரம் வரை தெரிகிற குன்றுகளில் இந்தப் பாறைதான். பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. கிரானைட்டுக்கு உறவுக்காரன். ஆனால் உள்ளே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். புதிதாக உடைத்தால் நீலம் கலந்த கருநிறத்தில், எண்ணெய் தடவினாற்போல் இருக்கும்.

சரி, பேருக்கு வருவோம். ஜாப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கல்கத்தாவை நிறுவியவர் என்று ரொம்ப காலம் பாடப்புத்தகங்கள் சொன்னது இவரைத்தான். 1690களின் தொடக்கத்தில் அங்கேயே இறந்தார். அவர் சமாதிக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்துக் கல். சுமார் 200 வருடம் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்தார். பரங்கிமலை, பல்லாவரம் பாறையேதான்! 1893ல் சார்னாக் பேரையே அதற்கு வைத்துவிட்டார். தன்னையறியாமல் இந்தக் கல்லைத் தலைநகருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பது காரணம். (அப்போது தலைநகர் கல்கத்தா. செத்தவர் எப்படிக் கொண்டுவருவார் என்று கேட்கக் கூடாது!)

2003ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சார்னாக்கை அந்நகரின் நிறுவனராகக் கருதக்கூடாது என்று சொல்லிவிட்டது. பட்டம் போனது, கல்லில் பேர் நின்றுவிட்டது.

எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மலையின் பேரும் நம்முடையது இல்லை. ஐரோப்பாவின் 'ஃபிராங்க்' அரபி, பாரசீகம் வழியாக வந்து நம்மிடம் 'பரங்கி' ஆனது. மலைக்கும் வெள்ளைக்காரன் பேர், கல்லுக்கும் வெள்ளைக்காரன் பேர். வெட்டிச் சுமந்தவர்களுக்கு அது வெறும் கருங்கல்.

ஒரே ஆறுதல், அண்டார்டிகாவில் இந்தப் பாறை கிடைத்தாலும் மூல இடம் என்று ஆய்வாளர்கள் காட்டுவது நம் பரங்கிமலை, பல்லாவரத்தைத்தான். 1975ல் பரங்கிமலைப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவித்தார்கள். ரயிலில் போகும்போது செல்போனை வைத்துவிட்டு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பேரிலோ கல்லிலோ இப்படி யாராவது ஒளிந்திருந்தால் எனக்கும் சொல்லுங்களேன்!