இரண்டே கட்சி

போட்டி என்றால் எதிரி ஒருவன் வேண்டும். இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். எதிரி எவ்வளவு அருமையான பண்டம் என்பது, நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பந்து விளையாட ஆசைப்படுகிறவனுக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் லாண்ட்ஸ் எண்ட் என்று ஒரு முனை. நிலம் இத்தோடு தீர்ந்தது என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் சில்லித் தீவுகள். நம் காதுக்கு மிகவும் பொருத்தமான பெயர்தான். உடைந்த ஓட்டுச் சில்லுகளைப்போல அவை நீரில் சிதறிக் கிடக்கின்றன. ஜனங்கள் குடியிருப்பது ஐந்து தீவுகளில். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,100 பேர். நம் பக்கத்துப் பெரிய கல்யாணம் ஒன்றில் இதைவிட அதிகமாகவே இலை விழும்.

இந்தத் தீவுகளுக்கென்று ஒரு கால்பந்து லீக் இருக்கிறது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற லீக். அதில் உள்ள குழுக்கள் இரண்டு. ஒன்று கேரிசன் கன்னர்ஸ். மற்றது உல்பேக் வாண்டரர்ஸ். மூன்றாவது கிடையாது. முன்பு ரேஞ்சர்ஸ், ரோவர்ஸ் என்று இருந்தார்கள். 1984-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். பெயரை மாற்றினார்களே தவிர எண்ணிக்கையை மாற்ற முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னர்ஸும் வாண்டரர்ஸும் மோதுகிறார்கள். அடுத்த ஞாயிறு யாரோடு யார்? வாண்டரர்ஸும் கன்னர்ஸும். மைதானமும் ஒன்றே, செயின்ட் மேரீஸ் தீவில், பழைய கோட்டை மேட்டில் இருப்பது. லீக் போதாதென்று கோப்பைப் பந்தயங்கள் வேறு நடத்துகிறார்கள். அவற்றிலும் இறுதி ஆட்டத்துக்கு யார் வருவார்கள் என்று எந்த ஜோசியரையும் கேட்க வேண்டியதில்லை. தோற்றவர்களுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. கடைசி இடம் என்று பிறர் கேலி செய்தால், இரண்டாம் இடம் என்று மார் தட்டிக்கொள்ளலாம்.

ஆட்டமெல்லாம் குளிர்காலத்தில்தான். கோடையில் உல்லாசப் பயணிகள் வந்து குவிகிறார்கள்; படகோட்டிக்கும் விடுதிக்காரருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. குளிர் வந்ததும் பயணிகள் போய்விடுகிறார்கள். பெரிய பயணிக் கப்பலும் நின்றுவிடுகிறது. நார்சிஸஸ் பூப் பறிக்கிற தோட்டங்களும், அட்லாண்டிக் காற்றும், இந்த இரண்டு குழுக்களும் மிஞ்சுகின்றன.

இவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது, ஆட வருகிறவர்கள் எல்லாரையும் ஒன்றாக நிறுத்தி, இரண்டு தலைவர்களும் மாறி மாறி ஆள் எடுக்கிறார்கள். சென்ற வருஷம் உன் காலைத் தட்டிவிட்டவன் இந்த வருஷம் உனக்கே பந்தைத் தள்ளிக் கொடுப்பான். நம் ஊர்ப் பிள்ளைகள் உத்தி பிரிப்பார்களே, அதுதான். சமபலமுள்ள இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒதுங்கிப் போய், ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, "பூ வேணுமா, காய் வேணுமா?" என்று கேட்பார்கள். ஒருவன் இந்தப் பக்கம் போனால், அவனுக்குச் சமமானவன் அந்தப் பக்கம் போவான். எதிரி நமக்குச் சரிநிகராக இருக்க வேண்டும் என்பதற்காகக் குழந்தைகள் கண்டுபிடித்த நீதி அது.

பெரியவர்களான பிறகு நாம் இதை எங்கே தொலைத்துவிடுகிறோம் என்று தெரியவில்லை. நான் பிறந்த ஊரிலும் இரண்டே கட்சிதான்: மேலத் தெரு, கீழத் தெரு. எந்தத் தெருவில் தொட்டில் கட்டினார்களோ அந்தக் கட்சி. யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாமும் மாற முடியாது. திருவிழாவில் யார் வடத்தை முதலில் தொடுவது என்று ஆரம்பித்த சண்டை எங்கள் தாத்தா காலத்தது. அதன் காரணம் மறந்துபோயிற்று. சண்டை மட்டும் பேரன்மார் கைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. அங்கேயும் வருஷத்துக்கு ஒரு முறை ஆட்களைக் கலைத்துப் பிரித்திருந்தால், நான் எழுதிய நாவல்களில் பாதிக்கு விஷயம் இல்லாமல் போயிருக்கும். போயிருக்கட்டுமே!

சில்லித் தீவுக்காரர்கள் நம்மைவிட உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. ஞாயிறன்று முட்டி மோதுகிறவனோடு திங்களன்று ஒரே படகில் ஏற வேண்டும். பொழுதெல்லாம் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதோடு இன்னொரு கவலையும் இருக்கிறது. தீவுப் பள்ளியில் 16 வயது வரைக்கும்தான் படிப்பு. அதற்குமேல் படிக்க நினைக்கிற பிள்ளை கடல் கடந்து போக வேண்டும். கால் வலுத்துப் பந்து பழகும் வயதில் பையன்கள் கப்பலேறிவிடுகிறார்கள். எத்தனை பேர் திரும்பி வருவார்களோ! இருக்கிறவர்களைக் கொண்டு இரண்டு பக்கமும் பதினொன்று சேர்க்க வேண்டும்.

2008-இல் அடிடாஸ் நிறுவனம், பெக்காம், ஜெரார்ட் போன்ற மகா ஆட்டக்காரர்களை இந்தக் குழுக்களோடு சேர்த்து விளம்பரப் படம் எடுத்தது. கொஞ்ச நாள் உலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கென்னவோ அந்தப் படத்தைவிட, காற்று ஊளையிடும் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாகப் படுகிறது. ஒரு பக்கம் பத்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எதிர்க் கட்சிக்காரன் மனசு என்ன நினைக்கும்? இன்று சுலபமாக ஜெயித்துவிடலாம் என்றா? அந்தப் பதினோராவது ஆள் எப்படியாவது வந்து சேர வேண்டுமே என்றுதான் மேட்டுப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.