சலில்தாவின் இன்னொரு பாட்டு

நவம்பர் 19, இரவு

இசையமைப்பாளர் சலில் சௌத்ரி பிறந்த நாள். 'ஆனந்த்' (1971) பாட்டுகளைப் போட்டேன். முகேஷ் பாடும் அந்திப் பாட்டில் இன்று குரலை விட்டுவிட்டு, பின்னால் ஓடும் வயலின்களை மட்டும் பின்தொடர்ந்தேன். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்புவது மட்டும் அவற்றின் வேலையில்லை. தமக்கென ஒரு மெட்டை வைத்துக்கொண்டு குரலோடு சேர்கின்றன, விலகுகின்றன, மறுபடி வந்து தொடுகின்றன. சலில்தாவின் பாட்டுக்குள் எப்போதும் இன்னொரு பாட்டு ஓடுகிறது. நாம் முணுமுணுப்பது ஒன்றைத்தான்.

நவம்பர் 20

இந்தக் காது அவருக்கு அசாம் தேயிலைத் தோட்டத்தில் வாய்த்தது. அப்பா அங்கே டாக்டர். வீட்டுக்குள் மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டுகள், வெளியே தோட்டத் தொழிலாளர்களின் பாட்டு. இரண்டில் எதையும் அவர் உயர்வு தாழ்வாகப் பார்த்ததில்லை என்பதற்கு 'மதுமதி' (1958) ஒன்றே போதும்.

மொசார்ட்டின் 40ஆம் சிம்ஃபனியின் தொடக்கத்தை எடுத்து 'சாயா' (1961) படத்தில் தலத் மெஹ்மூதும் லதாவும் பாடும் காதல் பாட்டாக்கினார். நகல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். வாசல்தான் மொசார்ட்டுடையது. உள்ளே போனதும் பாட்டு திரும்புகிற திருப்பமெல்லாம் சலில்தா போட்ட வழி.

நவம்பர் 22

மாலை முழுக்க 'செம்மீன்' (1965). தகழியின் நாவல், ராமு காரியாட்டின் படம், வயலாரின் வரிகள். இசைக்கு வங்காளத்திலிருந்து ஒருவர், கடற்கரையில் பரீக்குட்டி பாடும் சோகப் பாட்டுக்கு மன்னா டே. மலையாளம் அவருக்குத் தாய்மொழியில்லை என்பது உச்சரிப்பிலேயே தெரிகிறது. ஆனாலும் கேரளம் அந்தப் பாட்டை இன்றுவரை கைவிடவில்லை. ஏக்கம் முழுவதும் மெட்டிலேயே இருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு 'அழியாத கோலங்கள்' (1979). எஸ்.பி.பி. பாடும் அந்தப் பாட்டு, 'ஆனந்த்' படத்தில் லதா பாடிய அதே மெட்டு. லதா பாடும்போது தவிப்பு. எஸ்.பி.பி.யின் குரலில் அது கடந்துபோன பருவத்தை நினைத்துப் பார்க்கிற நிதானமாகிவிடுகிறது. பழைய சரக்கை மறுபடி விற்றார் என்று இதைச் சொல்வது அநியாயம். ஒரே மெட்டுக்குள் எத்தனை மனநிலைகள் அடங்கும் என்று தேடிக்கொண்டே இருந்தவர் அவர்.

'அழியாத கோலங்கள்' எடுத்த பாலு மகேந்திரா தன் முதல் படமான கன்னட 'கோகிலா'வுக்கும் (1977) இவரைத்தான் அழைத்தார். 'மூடுபனி'யில் (1980) இளையராஜாவிடம் போனார். அந்த இளையராஜா அதற்கு முன் சலில்தாவின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். சில மலையாளப் படங்களில் சலில்தாவுக்குத் துணை நின்ற ஆர்.கே. சேகர், ரஹ்மானின் தந்தை. நம் இரு பெரும் இசையமைப்பாளர்களின் வீட்டுக் கதையிலும் இவர் இருக்கிறார். தமிழில் நாம் இவரை எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நவம்பர் 25

'ரஜனிகந்தா' (1974). பம்பாய் டாக்ஸி ஒன்றில் வித்யா சின்ஹாவும் தினேஷ் தாக்கூரும். இருவரும் வாய் திறப்பதில்லை. முகேஷ் குரல் பின்னால் ஒலிக்கிறது. அந்தப் பாட்டுக்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. சொல்லக் கூடாததைச் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போகிறது பாட்டு.

ராஜா பாட்டுகளில் வயலினையும் புல்லாங்குழலையும் தனியே பிரித்துக் கேட்டு மகிழ்கிறவரா நீங்கள்? அப்படியானால் 'அழியாத கோலங்கள்' பாட்டுகளை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். முதலில் குரலோடு, அடுத்த முறை குரலை விட்டுவிட்டு.