ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

தொலைபேசித் துறையில் 34 வருடம் செம்புக் கம்பியோடு குப்பை கொட்டியவன் நான். அரை மில்லிமீட்டர் கம்பியைத்தான் எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் பூமிக்கடியில் கொண்டுபோய் வீடுகளுக்குக் கொடுத்தோம். அந்தப் பக்கம் பேசுவது அம்மாவா அத்தையா என்று ஒரு 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும். லைன் கரகரத்தால் கம்பியைச் சந்தேகப்பட மாட்டோம். முதலில் ஜாயின்ட்டைத்தான் பார்ப்போம். பெரும்பாலும் மழைத்தண்ணீர் இறங்கி அங்கேதான் கெட்டுப்போயிருக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஸ்டீரியோ செட்டுக்கு ஒயர் வாங்குவது இப்போது நகை வாங்குவது போல ஆகிவிட்டது. எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் நண்பர், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், சென்ற மாதம் ஒரு கடைச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பழைய ஆம்ப்ளிஃபையர், கேசட் டெக், இரண்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார். அவற்றை இணைக்கும் ஒயர்களுக்கு மட்டும் 42,000 ரூபாய்.

"வெள்ளி கலந்த ஒயராம் சார். குரல் நேர்ல கேக்கற மாதிரி இருக்குமாம். வாங்கிடலாமா?"

யார் குரல் என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. அந்த அம்மா கொலுவிலும் வீட்டிலும் பாடியதைப் பதினோரு கேசட்டில் பதிந்து வைத்திருக்கிறார். 42,000 அவருடைய ஒரு மாதப் பென்ஷனுக்கும் மேல். 'வேண்டாம்' என்று ஒற்றை வார்த்தையில் சொல்ல மனம் வரவில்லை. கணக்கு வாத்தியார்தானே, கணக்குப் போட்டே காட்டினேன்.

ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரம். போக வர 10 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போட்டால் மொத்தம் 0.07 ஓம். அவருடைய ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஐந்து பங்குக்குள் இருந்தாலே போதும். வெள்ளி செம்பைவிட நூற்றுக்கு ஐந்தாறு பங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், உண்மைதான். செம்பையே கொஞ்சம் தடிமனாக வாங்கினால் அந்த லாபம் கிடைத்துவிடும்.

இன்னொன்றும் சொன்னேன். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்று ஒரு மேஜிக் நிபுணர் இருந்தார். பித்தலாட்டங்களை அம்பலப்படுத்துவது அவர் வேலை. 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் கேபிளுக்கும் சாதாரணக் கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் மட்டும் கேட்டுக் கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் தருவதாக 2007-ல் அறிவித்தார். அந்தப் பணத்தை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை.

அதற்காக எந்த ஒயரானாலும் சரி என்பதில்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியும் விற்கிறார்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்; அதை வாங்க வேண்டாம். சிவப்பு, கறுப்பு இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி சேர வேண்டும். ஒன்றில் மாறினால் 'பேஸ்' வற்றிப்போகும், குரல் நடுவில் நிற்காது. டெக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயரில் ஓடுவது மிகச் சிறிய சிக்னல். அது ஷீல்டு உள்ளதாகவும், தேவைக்கு மேல் நீளமில்லாமலும், கரண்ட் ஒயரோடு ஒட்டி ஓடாமலும் இருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வருவது குறையும்.

இருவருமாக ரிச்சி தெருவுக்குப் போனோம். நல்ல செம்பு ஒயர், பிளக் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயைத் தாண்டவில்லை. பழைய ஒயரைக் கழற்றியபோது முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதே ஜாயின்ட் சமாசாரம்தான். முனையங்களைத் துடைத்து, புது ஒயரை இறுக்கி முடுக்கினோம். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பஞ்சு காப்பி நிறத்தில் வந்தது.

பிறகு கேசட்டைப் போட்டார். பாட்டுக்கு நடுவே குக்கர் விசில். பாட்டை நிறுத்தாமலே அந்த அம்மா, "கேஸை அணைங்க" என்கிறார். வாத்தியார் ஒரு கணம் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒயர் சரியாக இருந்தால் நாடாவில் உள்ளது அப்படியே வரும். அதற்கு மேல் எந்த விலை கொடுத்தாலும் வராது. ஆனால் நாடா நமக்காகக் காத்திருப்பதில்லை. அவருடைய பதினொன்றில் ஒன்று இப்போதே ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கிறது. மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, மற்ற பத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கேசட் கிடந்தால் இந்த வாரமே எடுங்கள். உடனே பாட விடாமல், முதலில் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஹெட்டைத் துடையுங்கள். ஒரு பிரதி எடுத்துப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள். ஒயர் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.