ஈரம் எங்கே போகும்?

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன் நெடுநாள் உழைப்பதில்லை. உப்புக் காற்று இரும்புச் சட்டத்தை அரிக்கும். ஈரத்தில் தூசி குழைந்து ஷட்டர் மடல்களில் அப்பிக்கொள்ள, அவை பாதி திறந்தபடியே நின்றுவிடும். எங்கள் குளியலறை ஃபேன் புரட்டாசியில் கரகரக்கத் தொடங்கி, ஐப்பசி அடைமழையில் நின்றேபோனது. சில நாட்களிலேயே கூரை மூலையில் கரும்புள்ளிகள் வந்துவிட்டன. காலையில் போட்ட துவாலை இரவிலும் சில்லென்றிருந்தது. பக்கத்து அறை அலமாரியில் தோல் செருப்பின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது.

வந்த எலக்ட்ரீஷியன் ஃபேனைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்த்தார். "புஷ் தேஞ்சுபோச்சு சார். காயிலும் கருகியிருக்கு. ரிப்பேர் பண்ணாலும் ரொம்ப நாள் தாங்காது, புதுசே போட்டுடலாம்" என்றார். பிளாஸ்டிக் உடல் கொண்ட ஆறு அங்குல ஃபேன் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். மழைநீர் உள்ளே வழியாதபடி வெளிப்பக்கம் சற்றே சரிவாக வைத்தார். சுவரின் இடைவெளியைச் சிமெண்டால் பூசினார். எர்த் வயரைத் தனியாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

சுவிட்சைப் போட்டதும் அவர் ஃபேன் பக்கம் திரும்பவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, வெளியே குனிந்து உட்கார்ந்து, பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கதவின் கீழ்ச் சந்தருகே பிடித்தார். தாள் அசையவில்லை. கரப்பான்பூச்சி வராமலிருக்க முன்பு குடியிருந்தவர்கள் அங்கே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். "காத்து வெளிய போகணும்னா உள்ள வரணும்ல சார்?" என்று சொல்லிக்கொண்டே பட்டையை உரித்தார். இப்போது தாள் படபடத்து அறைக்குள் இழுபட்டது. அதன் பிறகுதான் கருவிகளைப் பையில் எடுத்து வைத்தார்.

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஸ்டீபன் ஹேல்ஸ் ஞாபகமாகவே இருக்கிறது. லண்டனுக்கு அருகே தேம்ஸ் கரையில் டெடிங்டன் என்றொரு ஊர். அங்கே 1709 முதல் 1761இல் இறக்கும்வரை பாதிரியாராக இருந்தவர் அவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடாத மனிதர். 1724ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு நிறுத்துக்கொண்டிருந்தார். மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, இணைப்புகளையெல்லாம் அடைத்தார். தண்ணீர் ஊற்ற ஒரு துளை விட்டு, அதற்கும் தக்கை செருகினார். பதினைந்து நாள் காலையும் மாலையும் தராசில் வைத்தார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் அந்தச் செடி சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 570 கிராம் நீரை இலைகள் வழியே காற்றில் விட்டது. நல்ல வெயிலும் வறட்சியுமான ஒரு பகலில் அது 850 கிராமைத் தொட்டது. 1727இல் வெளிவந்த 'வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்' என்ற புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பகல் கணக்கைவிட அவருடைய இரவுக் கணக்கு எனக்கு அதிகம் பிடிக்கும். வெதுவெதுப்பான, பனியில்லாத இரவில் செடி 3 அவுன்ஸ் அளவு நீரை இழந்தது. லேசாகப் பனி விழுந்த இரவில் ஒன்றும் இழக்கவில்லை. பனி கொட்டிய இரவிலும் சிறு தூறல் விழுந்த இரவிலும் தொட்டியும் செடியும் சேர்ந்து 2, 3 அவுன்ஸ் எடை கூடியே இருந்தன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் பகலைவிட இழப்பு குறைவு. ஆனால் ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் சுற்றியிருந்த காற்று. வாங்கிக்கொள்ள இடமுள்ள காற்று ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் காற்று தன்னிடம் உள்ளதையும் இறக்கி வைத்துவிட்டுப் போகிறது.

இதே ஹேல்ஸ்தான் பிற்காலத்தில் வெண்டிலேட்டர்களைச் செய்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் மலர்கிறது. ஒரு செடி எவ்வளவு நீரை மூச்சாக விடுகிறது என்று நிறுத்துப் பார்த்தவருக்கு, காற்று வராத அறையில் அடைபட்ட மனிதர்களின் மூச்சு எங்கே போகும் என்ற கவலை வந்ததில் வியப்பில்லை. 1741இல் ராயல் சொசைட்டியின் முன் அந்த யோசனையை வைத்தார். 1743இல் புத்தகமாக எழுதினார். பெரிய மரப்பெட்டி, உள்ளே ஒரு பக்கம் கீல் வைத்த பலகை, அது ஏறி இறங்கும்போது ஒரு வால்வு வழியாகக் காற்றை இழுத்து இன்னொன்றின் வழியாகத் தள்ளும். கொல்லன் துருத்தியின் வேலைதான், அளவு மட்டும் பெரிது. ஆட்கள் நின்று நெம்புகோலை அழுத்த வேண்டும். கப்பல்கள், மருத்துவமனைகள், தானியக் கிடங்குகள், சிறைகள் எல்லாவற்றிலும் அவை ஏறின. லண்டன் நியூகேட் சிறையில் 1752இல் கூரைமேல் காற்றாலை வைத்து அதை இயக்கினார்கள்.

அந்தச் சிறையில் வேலை பார்த்தவர்கள் சிலரைச் சிறைக் காய்ச்சல் பிடித்தது. மருத்துவர் ஜான் பிரிங்கிள் 1753இல் ராயல் சொசைட்டிக்கு அதைப்பற்றி எழுதினார். கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அன்று பலரும் நம்பினார்கள். அந்தக் காய்ச்சல் டைஃபஸ். பேன்தான் அதைப் பரப்புகிறது என்பது, சார்ல் நிக்கோல் 1909இல் நிறுவும்வரை தெரியவில்லை. அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் அந்தப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. நல்ல காற்று தந்ததால் அந்தக் கொடுமை இம்மியும் குறையவில்லை. இரண்டையும் சொல்லாமல் ஹேல்ஸைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவர்மேல் உள்ள பிரியம் போகவில்லை. செல்போர்ன் ஊரின் இயற்கையாளர் கில்பர்ட் வைட், ஹேல்ஸை நேரில் அறிந்தவர். பாதையோரக் கம்பங்களின் தலையில் ஹேல்ஸ் தம் கையாலேயே வெள்ளை வண்ணம் பூசினாராம். இருட்டில் நடப்பவர்கள் முட்டிக்கொள்ளக் கூடாதே என்று. பழப் பணியாரத்தின் பாகு பொங்கி வழியாமலிருக்க, பாத்திரத்தின் அடியில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைக்கவும் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்து, அந்த அறிவைப் பக்கத்து வீட்டுக்கும் பயன்படும்படி செய்கிற மனம் அது. கதவடியில் தாளைப் பிடித்தவரிடமும் அதே மனம்தான் இருந்தது.

ஹேல்ஸின் இரவுக் கணக்கைச் சென்னைக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்பதடி உயரம் உள்ள குளியலறையில் சுமார் 10 கனமீட்டர் காற்று இருக்கும். குளித்து முடித்தபின் சுவரிலும் தரையிலும் அரை லிட்டர் நீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாதப் பிற்பகல், 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் இன்னும் 20 கிராம் நீராவிக்கு இடம் இருக்கிறது. 28 டிகிரியும் 85 சதவீதமும் உள்ள ஒரு சாதாரண விடிகாலையில் அந்த இடம் 4 கிராம்தான். கார்த்திகை மழையில் 25 டிகிரி, 95 சதவீதம் என்று நிற்கும்போது 1 கிராமுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆக அதே அரை லிட்டரைக் கொண்டுபோக மே மாதத்தில் 25 கனமீட்டர் காற்று போதும். விடிகாலையில் 125 வேண்டும். அடைமழையில் 500 வரை வேண்டியிருக்கும். மணிக்கு 250 கனமீட்டர் தள்ளும் ஃபேனுக்கு முதலாவது ஆறு நிமிட வேலை, இரண்டாவது அரை மணி, மூன்றாவது இரண்டு மணி நேரம். வலை, ஷட்டர், தூசி எல்லாம் தடுப்பதாலும், காற்று முழுக்க நிறைந்து வெளியேறுவதில்லை என்பதாலும், உண்மையில் இன்னும் நேரமாகும்.

ஃபேன் எதையும் உலர்த்துவதில்லை. உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு வெளியே இருக்கும் காற்றை அழைத்து வருகிறது. வருகிற காற்றின் குணம்தான் அறையின் குணம். வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவியைச் சுவரில் படியவிடாமல் உடனே வெளியேற்றுவதில் அதற்கு நிகரில்லை. அதற்காகக் குளிக்கத் தொடங்கும்போதே போட்டுவிட வேண்டும். மழைநாளில் நாள் முழுக்க ஓடவிடுவது வேறு கதை. பக்கத்து அறையில் ஏசி ஓடினால், குளிர்ந்த காற்றை ஃபேன் வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்குகள் வழியாகத் தெருவின் ஈரக் காற்று படுக்கையறைக்குள் நுழையும். குளிர்ந்திருக்கும் அலமாரியிலும் புத்தகங்களிலும் அந்த ஈரம் இறங்கும். சுவர்ப் பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஃபேனுக்கு முன்பாக வைப்பருக்குத்தான் வேலை. குளித்தவர் சுவரையும் தரையையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வருகிறார். நீராகவே சாக்கடைக்குப் போய்விடும் நீருக்குக் காற்றின் தயவு தேவையில்லை. அரை லிட்டர் அரைக்கால் லிட்டர் ஆகிவிட்டால், அடைமழை நாளிலும் ஃபேன் அரை மணி நேரத்தில் தன் வேலையைச் செய்துவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா இதைக் கணக்கு எதுவும் போடாமல் எப்போதோ சொல்லியிருந்தார்: "தண்ணிய நிக்க விட்டுட்டு காத்தக் குத்தம் சொல்லாதீங்க."

தஞ்சாவூர்ப் பக்கம் அத்தை வீட்டில் குளியலறை கொல்லையில் இருந்தது. சுவர் ஓட்டைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாகத் தென்னங்கீற்றின் சத்தம் கேட்கும். விறகடுப்பில் செம்பு அண்டா கொதிக்கும். குளித்த தண்ணீர் வாழைமரங்களுக்குப் போகும். சூடான காற்று மேல் இடைவெளியில் ஏறிப் போக, கதவுக்குக் கீழே புதுக்காற்று வரும். எந்த மழைக்காலத்திலும் அந்தச் சுவரில் நான் கரும்புள்ளி பார்த்ததில்லை. ஆனால் அத்தை விடிவதற்கு முன்பே, இருட்டில், பாம்புக்குப் பயந்து விளக்கோடு குளிக்கப் போவாள். மார்கழியில் நடுங்கிக்கொண்டு திரும்புவாள். படுக்கையறையை ஒட்டித் தாழ்ப்பாள் உள்ள ஒரு குளியலறை அவளுக்கு எத்தனை பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! கொல்லைக்குத் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வீட்டுக்குள் குளியலறையைக் கொண்டுவந்தபோது அந்த ஒரு முழ இடைவெளியையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

அடுக்ககங்களில் பல குளியலறைகள் டக்ட் எனப்படும் ஒடுங்கிய கிணறு போன்ற இடத்தைப் பார்த்து நிற்கின்றன. எல்லா மாடிகளின் ஃபேன்களும் அதற்குள்ளேயே ஊதுகின்றன. மேலே மழைக்காகத் தகரம் போட்டு மூடிவிட்டால், கீழ்வீட்டு ஆவி மேல்வீட்டுக்கு விருந்தாளியாகிறது. எவ்வளவு சக்தியுள்ள ஃபேனை வாங்கினாலும் இந்தக் குறையை அது தீர்க்காது. தகரத்தைச் சற்று உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்துவிட்டால் தீரும். சங்கக் கூட்டத்தில் லிஃப்டுக்கும் பெயிண்டுக்கும் செலவிடும் நேரத்தில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம்.

வீடு வாங்கப் போகும் பிள்ளைகள் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: குளியலறைக்குள் காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாக வெளியேறும்? கையில் ஒரு தாளும் கொண்டுபோங்கள். கதவடியில் பிடித்துப் பார்த்தால் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். கட்டடம் இன்னும் வரைபடத்தில் இருந்தால், வெளிச்சுவரில் திறந்து மூடும் ஒரு ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். பூசி முடித்த பிறகு அது சுவரை உடைக்கும் வேலை. சுவர் எழும்புவதற்கு முன் அது சில செங்கற்களை வைக்காமல் விடுகிற வேலைதான்.