கருமாதி முடிந்த பிறகு

கருமாதி முடியும்வரை கடன்காரர்கள் வாசலுக்கு வருவதில்லை. எங்கள் தொப்பூர்ப் பக்கம் அந்த நாகரிகம் இன்னும் இருக்கிறது. பந்தல் பிரித்த மறுநாள் காலையில் முதல் ஆள் வந்தார். சட்டைப் பையில் புரோநோட்டு. அதட்டவில்லை. "உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னுதாம்மா வந்தேன்" என்றார். பொழுது சாய்வதற்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகைகளில் பலவும் கணவனை இழந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் கணவன் என் நண்பன். லாரியில் கிளீனராக ஏறி, கணவாய் இறக்கத்தில் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று ஓட்டுநர் ஆனவர்கள் நாங்கள். நான் வண்டியை விட்டுவிட்டு டயர் கடை வைத்தேன். அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான். தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினானே தவிர, பிரஷர் பார்க்கவில்லை. கால் வீங்கி மூச்சு வாங்கியபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன.

டயாலிசிஸ்தான் இலவசமாயிற்றே, எப்படி இவ்வளவு கடன் என்று ஊரில் கேட்டார்கள். கூடப் போகாமல் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவனுக்கு டயாலிசிஸுக்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே, நள்ளிரவில் கொண்டுபோய்ச் சேர்த்த தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டியாகிவிட்டது. அப்போது அட்டையும் கையில் இல்லை. அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் மெஷினில். முடிந்து எழும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும். பஸ்ஸில் கூட்டி வர முடியாது, வாடகைக் கார்தான். கூடப் போகிற மனைவிக்கு அன்றைய கூலி போய்விடும். அவன் சம்பளமோ முன்பே நின்றுவிட்டது. இந்தியாவில் மருத்துவத்துக்காக மக்கள் கைக்காசிலிருந்து போடுவது 2013-14இல் மொத்தச் செலவில் 64.2 சதவீதம், 2021-22இல் அது 39.4 ஆகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் கணக்கில் இழந்த கூலி வராது, வட்டியும் வராது.

சாவு வீட்டில் எனக்கு வேலை தெரியும். பாடை கட்டுவது, ஆள் விட்டுச் சொல்வது, சமையலுக்கு ஏற்பாடு. கணக்குக் கேட்பதற்குத்தான் கூச்சம். ஒருவர் வீட்டுக் கடனைக் கேட்பது அவர்கள் துணிப்பெட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. ஆனாலும் அவளைத் தனியாகக் கடன்காரர்கள் முன்னால் நிறுத்த மனம் வரவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு தம்பதி தங்கள் இரண்டு குழந்தைகளோடு எரிந்து போனதை நான் மறக்கவில்லை. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்லிப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

"இருக்கிற காகிதம் எல்லாத்தையும் எடு தங்கச்சி" என்றேன். அரிசி டின்னுக்குள்ளிருந்தும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்தும் வந்தன.

ஓட்டுநர்கள் நாங்கள் சேர்த்த பணம் என் கையில் இருந்தது. யாருக்கும் கொடுக்காமல் முதலில் காகிதங்களைப் படித்தோம். அவள் பெயரில் ஒரு குழு லோன். துக்க வாரத்திலும் தவணை கட்டியிருந்தாள். அந்தப் பத்திரத்தில் காப்பீட்டுக்கென்று ஒரு தொகை பிடித்திருந்தார்கள். வாங்கியவரோ கணவரோ இறந்தால் மீதிக் கடனைக் காப்பீடு கட்டிவிடும் என்று எழுதியிருந்தது. வசூலுக்கு வந்த பையன் அதைச் சொல்லவே இல்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் அந்தக் கடன் தீர்ந்தது.

அடுத்தது அவனுடைய பாஸ்புக். முதலாளி சம்பளம் போட்ட கணக்கு. ஒவ்வொரு மே மாதமும் ஒரு சிறு தொகை கழிந்திருந்தது. முதலில் 330, 2022க்குப் பிறகு 436. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. என்றைக்கோ வங்கியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்தக் காப்பீடு அறுந்துபோகும். அவன் படுத்த பிறகு செலவுக்கென்று நாங்கள் அனுப்பிய காசு அதில் கிடந்ததால் அறுபடவில்லை. அதன் மூலம் அவளுக்கு 2 லட்சம் வந்தது. வாரிசுச் சான்றிதழுக்கும் விதவை ஓய்வூதியத்துக்கும் நல்லம்பள்ளி தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தோம். மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் வர நாளானது, ஆனால் வந்தது. குடும்பத் தலைவர் இறந்தால் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கும் 20,000 ரூபாய் உதவிக்கும் எழுதிக் கொடுத்தோம்.

புரோநோட்டுக்காரரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். செத்தவன் கடனுக்கு அவன் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. மனைவி கையெழுத்தோ ஜாமீனோ போடாதபோது அவள் கூலியிலிருந்து கேட்க முடியாது. சொத்து என்று இருந்தது ஒரு பழைய பைக். அவர் சட்டம் தெரிந்தவர்தான். வட்டியை விட்டுவிட்டு அசலைத் தவணையில் வாங்க ஒத்துக்கொண்டார்.

பணம் வந்ததும் எதை முதலில் அடைப்பது என்று நான் ஒரு வரிசை போட்டிருந்தேன். காகிதம் இல்லாத கைமாற்றெல்லாம் கடைசியில். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"காகிதம் இல்லாதவங்களுக்குத்தாண்ணா மொதல்ல. அவங்க நம்பிக் குடுத்தாங்க. கேக்கவும் மாட்டாங்க."

பக்கத்து வீட்டு அக்கா தன் தோட்டை அடகு வைத்துக் கொடுத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். அந்தத் தோட்டை மீட்ட பிறகுதான் மற்றவை நடந்தன. கடன் என்றால் வட்டி என்றே பார்த்துப் பழகிய எனக்கு அந்த வரிசை தோன்றவே இல்லை.

கடன் நோட்டில் என் பெயரும் இருந்தது. நான் கொடுத்ததையெல்லாம் தேதியோடு அவன் எழுதி வைத்திருந்தான். பேனாவை எடுத்து அடித்தேன். அவள் நோட்டை வாங்கி, கீழே இன்னொரு வரியில் மறுபடி எழுதினாள்.

"அவரு கடன்னு சொல்லித்தாண்ணா வாங்கினாரு. நீங்க அடிச்சா பிச்சைன்னு ஆயிடும்."

நான் என்ன சொல்வது? நண்பனுக்குச் செய்கிறோம் என்ற நிறைவை அவள் என்னிடமிருந்து பறிக்கவில்லை. அவன் மானத்தை என்னிடமிருந்து காப்பாற்றினாள்.

இப்போது மாதம் 500 கொண்டு வருகிறாள். கடையில் ஆள் இருந்தாலும் எல்லார் முன்னாலும்தான் தருவாள். நான் எண்ணி வாங்கி நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். புரோநோட்டு அசல் தை மாதத்தில் முடிகிறது. அதன்பின் என் தவணையை ஆயிரமாக்கப் போவதாகச் சொல்கிறாள். பையன் பத்தாவது எழுதுகிறான், 500 போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.